தாமதமாக எரியும் விளக்கு

காரின் டாஷ்போர்டில் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை ‘கவனி’ என்று சொல்பவை. ‘நிறுத்து’ என்று சொல்பவை ஒன்றிரண்டுதான். எண்ணெய்க் கிண்ணியின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுவதுபோல் வரைந்திருக்கும் சிவப்பு விளக்கு இந்த இரண்டாம் வகை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தேசிய நெடுஞ்சாலை 32-இல், ஆலப்பாக்கமோ புதுச்சத்திரமோ தாண்டும்போது இந்த விளக்கு எரிந்தால், காருக்குள் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இதுதான்: “ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், சிதம்பரம் போய் ஊத்திக்கலாம்.” இந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அந்த விளக்கு அறிவிப்பது ஆயிலின் அழுத்தத்தை. ஆயிலின் அளவை அது அறியாது. இரண்டாவது, அழுத்தம் குறையத் தொடங்கும்போதே அது எரிவதில்லை. ஏறக்குறைய முழுவதும் போன பிறகுதான் எரிகிறது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் செய்ய வேண்டிய வரிசை தானாகவே தெளிவாகும்: முதலில் இன்ஜினை அணைப்பது, அடுத்து அளந்து பார்ப்பது, அதன் பிறகே எந்தப் பாகத்தையும் மாற்றுவது. நடைமுறையிலோ ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்து, அளக்காமல் ஸ்விட்சை மாற்றி, அதுவும் பலிக்காவிட்டால் தடித்த ஆயிலை ஊற்றுகிறோம். இந்த வழக்கம் ஏன் தவறு என்பதை இன்ஜினுக்குள் நடப்பதை வைத்தே விளக்க முடியும்.

இன்ஜினின் அடியில் சம்ப் என்ற தட்டில் மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை ஆயில் தேங்கியிருக்கிறது. ஸ்ட்ரெய்னர் என்னும் சல்லடை வழியாக அதை ஆயில் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கிருந்து ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, இன்ஜின் பிளாக்கின் நெடுகத் துளைத்திருக்கும் முதன்மைக் கால்வாய்க்கு வருகிறது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும், கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கும், மேலே ஹெட்டில் உள்ள கேம் ஷாஃப்டுக்கும், டர்போ இருந்தால் அதற்கும் ஆயில் போகிறது. இந்தப் பாதையின் முடிவில் மூடி எதுவும் இல்லை. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக ஆயில் வெளியே கசிந்து மீண்டும் சம்புக்கே சொட்டுகிறது. அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். பம்ப் உண்மையில் தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்தை இடுக்குகள் தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சீறுவதும், விரலை எடுத்தால் தளர்ந்து விழுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே அழுத்தம் குறைந்திருக்கிறது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: பம்புக்கு ஆயில் போதுமான அளவு வரவில்லை, பம்ப் போதுமான அளவு தள்ளவில்லை, அல்லது தள்ளிய ஆயில் தடையில்லாமல் எங்கோ வெளியேறுகிறது. எல்லாக் காரணங்களும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

இங்கே விவரம் தெரிந்த ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். இங்கிலாந்தில் 1883-இல் பீச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங் மீது சோதனைகள் செய்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் துளையிட்டபோது, தண்டு சுழலச் சுழல எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்தியபோது, பேரிங்கின் மேல் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாக இருக்க, மானி 200 பவுண்டைத் தாண்டியது. சுழலும் தண்டே எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் இழுத்துச் சென்று, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது அதனால் தெரியவந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாடு தந்தார். இன்றைய கார் பேரிங்கில் இந்தப் படல அழுத்தம் சில நூறு பார் வரை போகிறது. பம்ப் தருவதோ மூன்று நான்கு பார்தான். அப்படியானால் பம்பின் அழுத்தம் குறைவதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? படலம் தன்னைத் தானே உண்டாக்கிக்கொண்டாலும், அதற்கான ஆயில் ஒவ்வொரு நொடியும் பக்கவாட்டில் கசிந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் பதில். கசிவதை ஈடுசெய்வது பம்பின் வேலை. வரத்து நின்றால் படலம் மெலிந்து, உலோகமும் உலோகமும் உரசி, உரசலின் சூட்டில் மிஞ்சிய ஆயிலும் நீர்த்துப்போகும். அதிலும் பம்பிலிருந்து தொலைவில் இருக்கும் கேம் ஷாஃப்டும், நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுழலக்கூடிய டர்போவும் முதலில் பட்டினி கிடக்கும். முதன்மைக் கால்வாயின் அழுத்தம் சுமையைத் தாங்குவதில்லை; தாங்கும் படலத்துக்கு ஆயில் போய்ச் சேர்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் சாட்சி எப்போது வாய் திறக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. சூடான நல்ல இன்ஜினில் ஐடிலில் சுமார் ஒரு பார், நிமிடத்துக்கு 3000 சுற்றில் மூன்று நான்கு பார் அழுத்தம் இருப்பது பொதுவான நிலை. துல்லியமான எண் ஒவ்வொரு இன்ஜினின் பணிமனைக் கையேட்டிலும் இருக்கும். பல கார்களில் விளக்கை எரியவிடும் ஸ்விட்ச், அழுத்தம் 0.2 முதல் 0.5 பார் அளவுக்கு இறங்கினால்தான் இயங்கும். டயருக்குக் காற்று அடிக்கும் கணக்கில் சொன்னால் மூன்றிலிருந்து ஏழு பிஎஸ்ஐ. நெடுஞ்சாலையில் 2500 சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு மூன்று பார் தேவை என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டுக்கு இறங்கினாலும் விளக்கு எரியாது, ஒன்றுக்கு இறங்கினாலும் எரியாது. எரியும்போது பதினைந்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரைதான் மிஞ்சியிருக்கும். அந்தக் காலத்து அம்பாசிடரில் ஆயில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் மீட்டர் உண்டு. முள் நாளுக்கு நாள் சரிவதைப் பார்த்து முன்கூட்டியே ஒர்க்‌ஷாப்புக்குப் போக முடிந்தது. இன்றைய பெரும்பாலான கார்களில் அந்த மீட்டர் இல்லை. முள் கொடுத்த கால அவகாசத்தை விளக்கு கொடுப்பதில்லை.

சில கார்களில் ஓடும்போது விளக்கு எரியாது; நின்றால் மினுக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அணைந்துவிடும். ஆனித் திருமஞ்சனத்தின்போது சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் காரில், அல்லது வெயிலில் ரயில்வே கேட்டில் காத்திருக்கும் காரில், இதைப் பார்க்கலாம். அணைந்துவிடுகிறதே, அப்படியானால் பெரிய பழுதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரணத்தைப் பார்த்தால் முடிவு வேறாக இருக்கும். பம்ப், கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுழல்வதால் ஐடிலில் அதன் ஓட்டம் மிகக் குறைவு. ஆயிலின் பாகுத்தன்மையோ 40 டிகிரி செல்சியஸில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு, சில வகைகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, 100 டிகிரியில் இறங்கிவிடும். குறைந்த ஓட்டமும் நீர்த்த ஆயிலும் ஒன்றுசேரும் சூடான ஐடில்தான் இந்த அமைப்புக்கு மிகக் கடுமையான பரீட்சை. பழுது முதலில் அங்கேதான் தெரியும். இதோடு ஒரு கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் இடுக்கு வழியாகக் கசியும் ஆயில், இடுக்கின் அளவுக்கு மும்மடிப் பெருக்கமாகக் கூடும். பேரிங் தேய்ந்து 0.04 மில்லிமீட்டர் இடுக்கு 0.08 ஆனால் கசிவு இருமடங்காகாது, எட்டு மடங்காகும். ஆகவே ஐடிலில் மட்டும் மினுக்குவது, தேய்மானம் கடைசிக் கட்டத்தை நெருங்குகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதை அலட்சியம் செய்வது, எளிதாகப் பழுது பார்க்கக் கிடைத்த கடைசி வாய்ப்பை விடுவதற்குச் சமம்.

இனி சோதனை. விளக்கு எரிந்ததும் இடது ஓரத்தில் சமதளமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆயில் சம்புக்கு இறங்க விட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். காசில்லாத இந்தச் சோதனையே பல நேரங்களில் விடையைச் சொல்லிவிடும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஆயில் இருந்தால், சரியான தரத்தில் ஊற்றிக் கோட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இன்ஜினைப் போட்டு, சில நொடிகளில் விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம். அணைந்தாலும் வேலை முடியவில்லை. ஆயில் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை வேண்டும். சம்பின் வடிகால் போல்ட், ஃபில்டரின் ரப்பர் வளையம், ஹெட் மூடியின் கேஸ்கெட் ஆகிய இடங்களில் ஒழுகல் வெளியே தெரியும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் எரிகிறது என்று பொருள். காருக்கு அடியில் ஆயில் குட்டையாகத் தேங்கியிருந்தால் ஊற்றிப் பயனில்லை. அந்த இடத்திலிருந்து கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆயிலின் நிறமும் மணமும். கடலூர் மாவட்டத்துக்கு இது தனி முக்கியத்துவம் உள்ள சோதனை. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலும் அதையடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளமும் என்று கடலூர் பலமுறை நீரில் நின்ற ஊர். வெள்ளத்தில் நின்ற காரின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் அது பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும். அந்தக் கலவையால் படலத்தைத் தாங்க முடியாது, பேரிங்கும் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதே ஆபத்து. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வெள்ளமே இல்லாமல் இதே நிறம் வந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகிக் கூலன்ட் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு வகை, ஆயில் குறையாமல் கூடுவது. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் பல, புகையிலுள்ள கரித்துகளை ஒரு வடிகட்டியில் பிடித்து, அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தி எரித்துச் சுத்தம் செய்கின்றன. ஊருக்குள்ளேயே சிறு தொலைவு ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோய், டீசல் சம்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும் ஆயிலில் டீசல் வாடை அடித்தால், பாகுத்தன்மை குறைந்து அழுத்தமும் குறைந்திருக்கும். ‘ஆயில் நிறைய இருக்கிறது, பயமில்லை’ என்ற முடிவு இங்கே நேர்மாறான தவறு.

அளவும் தன்மையும் சரி என்றான பிறகுதான் ஸ்விட்சின் மீது சந்தேகம் வர வேண்டும். ஸ்விட்ச் கெடுவது நடக்காத விஷயமல்ல. அதன் உள்சவ்வு கிழிந்து ஆயில் ஒழுகுவதும் பொய்யாக விளக்கு எரிவதும் உண்டு. ஆனால் அதன் மின்சுற்றைத் தெரிந்துகொண்டால் அவசரப்பட மாட்டோம். பல கார்களில் அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்ச் மூடியிருந்து ஒயரை இன்ஜின் உடம்போடு இணைக்கும், விளக்கு எரியும். அழுத்தம் வந்ததும் திறக்கும், விளக்கு அணையும். ஆகவே ஒயரின் உறை உரிந்து இன்ஜின் உடம்பில் பட்டால் பொய் எச்சரிக்கை வரும். அதே ஒயரின் முனை துருப்பிடித்து இணைப்பு விட்டுப்போனால் நடப்பது நேரெதிர்: அழுத்தமே இல்லாவிட்டாலும் விளக்கு எரியாது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று மின்முனைகளை அரிப்பதால், இங்கே பொய் எச்சரிக்கையைவிடப் பொய்யான அமைதியே அதிக ஆபத்து. இதற்குச் சோதனை எளிது. சாவியைத் திருப்பி இன்ஜினைப் போடாமல் இருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால், அழுத்தம் நன்றாக இருந்தாலும் அந்தக் காரை உடனே சோதிக்க வேண்டும். சில புதிய மாடல்களில் கணினி வழியாகவே விளக்கு எரிவதால், அவற்றுக்குக் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்விட்ச் கெட்டதா, அழுத்தமே குறைந்ததா என்ற வழக்கைத் தீர்ப்பது அழுத்தமானி ஒன்றுதான். ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் மானியின் குழாயைப் பொருத்தி, இன்ஜின் முழுச் சூடு ஏறிய பிறகு ஐடிலிலும், 2000 அல்லது 3000 சுற்றிலும் அளவெடுத்துக் கையேட்டின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இது அதிக நேரம் பிடிக்காத வேலை. மானி சரியான எண்ணைக் காட்டினால், சில நூறு ரூபாய் விலையுள்ள ஸ்விட்சை மாற்றுவதோடு பிரச்சினை முடிந்தது. குறைவாகக் காட்டினால், எந்தச் சுற்றில் குறைகிறது என்பதே காரணத்தைக் காட்டும். குளிர்ந்தபோது சரியாக இருந்து சூடான ஐடிலில் மட்டும் விழுந்தால் பேரிங் அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம், ஆயில் நீர்த்திருக்கலாம். எல்லாச் சுற்றிலும் தாழ்ந்தே இருந்தால் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். வேகம் கூடும்போது கூடாமல் தள்ளாடினால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். நான்குவழிச் சாலைப் பணிக்காகத் திருப்பிவிட்ட மாற்றுப்பாதைகளும், உயரமான வேகத்தடைகளும் இருக்கும் தடத்தில் சம்பின் அடி இடிபடுவது சாதாரணம். உள்நோக்கி நசுங்கிய தட்டு ஸ்ட்ரெய்னரின் வாயை நெருக்கினால் ஆயில் நிறைய இருந்தும் பம்புக்கு ஏறாது. சம்பைக் கழற்றி மாட்டும்போது கேஸ்கெட்டுக்குப் பதிலாக அளவுக்கு மீறிப் பூசும் சிலிக்கான் பசையும் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக அறுந்து அதே சல்லடையில் போய் அடைக்கும். ஆகவே இன்ஜினை இறக்குவதற்கு முன் சம்பைத் திறந்து பார்ப்பதே முறை. அடியில் தேங்கிய ஆயிலில் செம்பு நிறமோ வெள்ளி நிறமோ மின்னும் துகள்கள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போதுதான் பெரிய செலவுக்குத் தயாராக வேண்டும்.

இவ்வளவு எதற்கு, தடித்த ஆயிலை ஊற்றினால் விளக்கு அணைந்துவிடுமே என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அணையும் என்பது உண்மைதான். 100 டிகிரியில் 20 தர ஆயிலின் பாகுத்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 தரத்துக்கு அது 12.5 முதல் 16.3 வரை. பாகு கூடினால் தடை கூடும், தடை கூடினால் கால்வாயில் அழுத்தம் கூடும். ஆனால் தேய்ந்த பேரிங் அதனால் வளராது. மெல்லிய ஆயிலுக்கென்றே குறுகலாகக் கடைந்த இன்ஜினில் தடித்த ஆயில் மெதுவாக ஏறுவதால், காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஹெட்டும் டர்போவும் வறண்டு ஓடும். ஆயில் அழுத்தத்தைக் கொண்டே வால்வு நேரத்தை மாற்றும் இன்ஜின்களில் அந்த அமைப்பும் குழம்பும். மானி உயர்ந்த எண்ணைக் காட்டினாலும் பேரிங்குக்குப் போகும் ஓட்டம் கூடியிருக்காது. இன்ஜினைப் பிரிக்க வசதியில்லாத பழைய காரை இன்னும் சில மாதம் ஓட்ட, கையேடு அனுமதிக்கும் தரங்களுக்குள் தடித்ததைத் தேர்ந்தெடுப்பது ஏற்கத்தக்க சமரசம். அதைப் பழுது நீக்கம் என்று அழைப்பதுதான் ஏமாற்று.

மிச்சமிருக்கும் மறுப்பு, மெக்கானிக் கடை ஐந்து கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போய்விடலாமே என்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். 2000 சுற்றில் ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அதற்குள் 10,000 முறை சுழன்றிருக்கும். மெதுவாகப் போனால் நேரம் கூடும். சுற்று குறைவதால் பம்பின் ஓட்டமும் குறையும். படலம் இல்லாத பேரிங் இத்தனை சுற்றைத் தாங்காது. ‘பேரிங் அடிக்கிறது’ என்று சொல்லும் அந்தத் தட்டல் சத்தம் கேட்டால் சேதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. காப்பீட்டையும் மறக்கக் கூடாது. இந்தியாவின் வழக்கமான மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தத்தில், விபத்தோ பழுதோ நேர்ந்த பின் சரிசெய்யாமல் ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனை இருக்கிறது. கல்லில் இடித்து ஒழுகும் சம்போடு ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனால் அந்த இழப்பு பெரும்பாலும் நம் பையிலிருந்துதான் போகும். ஓட்டாமல் நிறுத்துவதே சரி என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு: நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் தயாராகிறது. அங்கு ஓடுவன போன்ற நீராவி டர்பைன்களின் தண்டும் ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. அத்தகைய டர்பைனில் மசகு ஆயிலின் அழுத்தம் எல்லைக்குக் கீழே போனால், யாரையும் கேட்காமல் பாதுகாப்பு அமைப்பு அதை நிறுத்திவிடும். தண்டு சுழன்று ஓயும்வரை பேட்டரியில் இயங்கும் அவசர பம்ப் ஆயில் கொடுக்கும். பெரிய டீசல் ஜெனரேட்டர்களுக்கும் இத்தகைய தானியங்கி நிறுத்தம் உண்டு. பெரும்பாலான கார்களில் அப்படி ஒன்று இல்லை. ஓடும் வண்டி நடுச்சாலையில் தானாக நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால் அந்த முடிவு ஓட்டுநரின் கையில் விடப்பட்டிருக்கிறது.

ஆகவே அந்த முடிவை ஓட்டுநர் எடுத்தே ஆக வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரம் பார்த்து இன்ஜினை அணையுங்கள். டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம். ஒர்க்‌ஷாப்பில் எதையும் மாற்றும் முன், “மானி போட்டு அளந்தீங்களா, எத்தனை பார் காட்டுது?” என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரையும், ஸ்விட்சை மட்டும் மாற்றி அனுப்புபவரையும் நம்ப வேண்டியதில்லை.